சரிபாதியாக வந்த குஞ்சுகள்

2004ஆம் ஆண்டு, பெப்ரவரி மாதம். மொன்றியலில், அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் மகளின் வீட்டில் நானும் மனைவியும் இருந்தோம். எனக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. கனடாவுக்கு வந்து இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகியிருந்தன.

யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் புள்ளிவிபரப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வயல், பனை, கிணறு, ஆடு, மாடு என்று எண்ணி எண்ணியே தலை நரைத்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எண்ணாமல் இருந்தால் நெஞ்சு படபடக்கும். வீட்டு வாசற்படி பதினான்கு. பஸ் தரிப்பு வரை இருநூற்று எண்பது காலடி, பனி கொட்டியிருந்தால் முந்நூற்றுப் பத்து. "ஊரிலை உள்ளதெல்லாத்தையும் எண்ணுறியள், உங்கடை கண்ணாடியை மட்டும் நான்தான் தேடித் தரவேணும்" என்பார் மனைவி.

அந்த வயதில் எனக்குக் கிடைத்த வேலை கோழிக்குஞ்சு பிரிப்பது. சென் லோரன்ஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஒரு மணித்தியாலம் போனால் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்று இருந்தது. மெட்ரோ வாசலில் விடியற்காலையில் ஒரு வான் வந்து எங்களை ஏற்றிப் போகும். பன்னிரண்டு இருக்கை. ஓட்டுபவரும் எங்கள் ஊர்ப் பக்கத்தவர்தான், வாய் ஓயாத மனிதர். எனக்குக் 'கணக்கர் அண்ணை' என்று பெயர் வைத்தவர் அவரே.

"அண்ணை, பாலத்திலை இண்டைக்கு எத்தினை விளக்குக் கம்பம்?"

"நூற்றிப் பதினாறு. இரண்டு எரியேல்லை."

"பாத்தியளே, இண்டைக்கும் ஒருத்தரும் களவெடுக்கேல்லை!"

வான் முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனாலும் மறுநாள் எண்ணாமல் விடமாட்டேன்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் மன்னாரைச் சேர்ந்த ஒரு பெண் இருப்பார். முப்பது வயது இருக்கும். வான் பாலத்தில் ஏறியதும் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வார். ஒருநாள் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கம்பத்தை எண்ணுறதை நீங்கள் பாருங்கோ ஐயா, பாலம் விழாமல் இருக்கிறதை நான் பாக்கிறன்." அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு நல்ல பழக்கம். அவருடைய கணவர் கொழும்பில் ஒரு வாடகை அறையில் காத்திருந்தார். இருவரும் பிரிந்து மூன்று ஆண்டுகள். அவரை இங்கே கூப்பிடுவதற்கான பத்திரங்களை இவர் சேர்த்துக்கொண்டிருந்தார். வேலை இருக்கிறது என்று நிலையம் தரும் கடிதம் மட்டும் மிச்சம்.

வேலை இதுதான். இறைச்சிக்குக் கோழி வளர்ப்பவர்கள் சேவலையும், பேடு என்னும் பெட்டையையும் தனித்தனிக் கொட்டகைகளில் வளர்க்கிறார்கள். சேவல் வேகமாகப் பெருத்துவிடும், இரண்டுக்கும் தீனி வேறு. அதனால் பொரித்தவுடனேயே பிரித்துக் கொடுக்க வேண்டும். குஞ்சைக் கையில் எடுத்து இறக்கையை விசிறி போல விரித்துப் பார்த்தால், முளைத்துக்கொண்டிருக்கும் சிறகு இரண்டு வரிசையாகத் தெரியும். கீழ் வரிசை மேல் வரிசையைவிட நீண்டிருந்தால் பேடு. இரண்டும் ஒரே அளவென்றால் சேவல். இடது பக்கத் துளையில் போட்டால் பேட்டுப் பெட்டி, வலது பக்கம் சேவல் பெட்டி. ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு சின்ன எண்ணி இருக்கும். குஞ்சு உள்ளே விழ விழ அதில் இலக்கம் ஏறும். எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் இருந்திருக்காது!

பெட்டிக்கு நூறு என்பது பெயர்தான், வழியில் சாவதை ஈடுசெய்ய இரண்டு கூடப் போடுவார்கள். அந்த இரண்டைப் பற்றி முதல் வாரம் முழுவதும் நான் கவலைப்பட்டேன்.

எங்கள் மேற்பார்வையாளர் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்மணி. உயரமானவர், சிரிப்பது குறைவு. முதல் நாளே இரண்டு விதிகள் சொல்லியிருந்தார். பொரித்து ஒரு நாளுக்குள் பிரித்துவிட வேண்டும், பிந்தினால் சேவலுக்கும் சிறகு நீண்டு பேடு போலத் தோன்றும். சந்தேகம் வந்தால் சேவல் பெட்டியில் போட வேண்டும். நான் இரண்டையும் கொப்பியில் எழுதி வைத்தேன். அந்தக் கொப்பியில்தான் ஒவ்வொரு நாளும் எல்லா மேசைகளின் எண்ணிக்கையையும் எழுதுவேன். வேலை முடியும்போது அவர் வெள்ளைப் பலகையில் போடுவார், நான் பார்த்து எழுதிக்கொள்வேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது, அவ்வளவுதான்.

பெப்ரவரி நடுப்பகுதியில் ஒரு பெரும் பனிப்புயல் அடித்தது. ஒருநாள் முழுக்க வான் ஓடவில்லை. மறுநாள் ஓடியபோதும் பாதிப்பேர் வரவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குஞ்சுகள் ஒன்றரை நாள் காத்திருந்துவிட்டன. ஒரு பண்ணைக்கான குஞ்சுகள் முழுவதையும் நானும் அந்த மன்னார்ப் பெண்ணும் எதிரெதிர் மேசைகளில் இருந்து பிரித்தோம். சிறகெல்லாம் நீண்டுகிடந்தது. அவர் வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேகமாக முடித்தேன். அவரைவிட நானூற்று எண்பத்தெட்டு குஞ்சுகள் அதிகம். இந்த வயதிலும் கை ஓடுகிறதே என்று எனக்குள் ஒரு பெருமை.

மூன்று கிழமை கழித்து, ஒரு வியாழக்கிழமை, மேற்பார்வையாளர் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். புயலுக்கு மறுநாள் பிரித்த குஞ்சுகளை வாங்கிய பண்ணைக்காரர் தொலைபேசியில் சத்தம் போட்டிருக்கிறார். பேட்டுக் கொட்டகையில் கொண்டை சிவந்த சேவல்கள் நானூறுக்கு மேல் திரிகின்றனவாம். இனி இந்த இடத்தில் குஞ்சு வாங்குவதா என்று யோசிக்கிறாராம். அன்று பிரித்தது நாங்கள் இருவர் மட்டுமே. பெட்டிகளில் மேசை இலக்கம் இல்லை. யார்?

இருப்பவர்களில் வயது கூடியவன் நான். கண் தெரியவில்லை, கிழவன், அனுப்பிவிடுவோம் என்றுதான் முதலில் நினைப்பார்கள் என்று பட்டது. உடனே கொப்பியை எடுத்தேன். அந்தத் திகதியை விரித்துக் காட்டினேன். அந்தப் பெண்ணின் மேசை: பேடு 1,866, சேவல் 2,470. என்னுடைய மேசை: பேடு 2,412, சேவல் 2,412. தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். குஞ்சுகள் பாதிக்குப் பாதிதான் பொரிக்கும். இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேடு என்பது தற்செயலாக வராது. எந்த மேசையில் பிழை என்று இலக்கமே சொல்கிறது என்றேன்.

மேற்பார்வையாளருக்கு ஆங்கிலம் குறைவு. ஆனால் இலக்கத்துக்கு மொழி தேவையில்லையே. கொப்பியை நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

அந்தப் பெண் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "சந்தேகமான எல்லாத்தையும் சேவல் பெட்டியிலை போட்டனான் ஐயா. அப்பிடித்தானே செய்யச் சொன்னவை?" என்றார். என் தலை தப்பியது என்ற நிம்மதியில் அந்த வார்த்தை காதில் விழுந்தது, மூளைக்கு ஏறவில்லை.

மறுநாள் வானில் அவர் சன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். பாலத்தில் சிலுவை போட்டார், என்னிடம் பேசவில்லை. மாலையில் வரும்போதுதான் மெதுவாகச் சொன்னார்: "திங்கக்கிழமையிலையிருந்து வரவேண்டாம், முடிவைப் பேந்து சொல்லுறம் எண்டு சொல்லிப்போட்டினம் ஐயா. இண்டைக்குத்தான் எனக்கு வேலைக் கடிதம் தாறதெண்டு இருந்தது. புதன்கிழமைக்குள்ளை அவரின்ரை பத்திரத்தோடை அனுப்பவேணும்." சற்று நிறுத்தி, "நீங்கள் வேணுமெண்டு சொல்லேல்லை, எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மூக்குக் கண்ணாடியை மனைவி தேடித் தந்த பிறகு, வழக்கம்போல அந்தக் கிழமையின் இலக்கங்களைச் சுத்தமாக எழுதி, நூற்று வீதம் போட உட்கார்ந்தேன். கை பழைய பக்கங்களைப் புரட்டிற்று. புயல் நாள் வந்தது. 2,412. 2,412.

அதற்கு முந்திய வேலை நாளில் 2,391, 2,438. அதற்கு முதல் 2,507, 2,460. நான் அந்த வேலையில் சேர்ந்து தொண்ணூற்றேழு நாள். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். வேறு ஒரு நாளாவது இரண்டு இலக்கமும் ஒன்றாக வந்திருக்கவில்லை. பக்கத்தில் வரும், பத்துப் பதினைந்தில் தவறும், ஐம்பதில் தவறும். குஞ்சுகள் பாதிக்குப் பாதி பொரிப்பது உண்மை. ஆனால் ஒன்றுகூடப் பிசகாமல் சரிபாதியாக எந்த நாளில் பொரித்தது? முப்பத்தொரு ஆண்டுகள் கச்சேரியில் இருந்தவன் நான். எந்தக் கிராமத்திலிருந்தாவது இப்படி அச்சுப் போன்ற கணக்கு வந்தால், ஊருக்குள் போகாமல் மரத்தடியில் இருந்து எழுதியிருக்கிறான் என்று திருப்பி அனுப்பியவன்.

அப்போதுதான் அந்த நாள் முழுவதும் ஞாபகம் வந்தது. காலையில் நீண்ட சிறகுகளாகவே வந்துகொண்டிருந்தன. என் பேட்டு எண்ணி முந்நூறு, நானூறு என்று முந்தி ஓடியது. எனக்குப் பதற்றம். பாதிதானே வரவேண்டும்! அதன் பிறகு சந்தேகமான குஞ்சு வந்தால் எண்ணியை ஒருதரம் பார்ப்பேன். பேடு கூடியிருந்தால் வலது பக்கம். சேவல் கூடியிருந்தால் இடது பக்கம். கடைசி இரண்டு மணித்தியாலம் நான் இறக்கையையே பார்க்கவில்லை. எண்ணியைத்தான் பார்த்தேன். இரண்டும் சரிசமமாக வந்து நின்றபோது மனதுக்குள் ஒரு திருப்தி வந்ததும் ஞாபகம் இருக்கிறது.

அதைவிட மோசம் இன்னொன்று. பண்ணைக்காரர் முறையிட்டது பேட்டுக் கொட்டகையில் சேவல் இருப்பதாக. அந்தப் பெண் பேட்டுப் பெட்டியில் குறைவாகத்தானே போட்டிருக்கிறார்? சந்தேகத்தையெல்லாம் சேவல் பக்கம் ஒதுக்கியவரால் எப்படிப் பேட்டுக் கொட்டகைக்குச் சேவல் போகும்? நான் நீட்டிய கொப்பியே அவர் பக்கம் சாட்சி சொல்லியிருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் அதைத் தலைகீழாக வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

அவருடைய தொலைபேசி இலக்கம் என்னிடம் இல்லை. ஊரில் உள்ள விளக்குக் கம்பத்தையெல்லாம் எண்ணியவன், நாலு மாதம் பக்கத்தில் இருந்தவருடைய இலக்கத்தைக் கேட்டிருக்கவில்லை. வான் ஓட்டுநருக்கு எடுத்தேன்.

"என்ன அண்ணை, ஞாயிற்றுக்கிழமையும் குஞ்சு எண்ணுறியளோ?"

"நாளைக்கு அந்தப் பிள்ளையையும் ஏத்திக்கொண்டு வாரும். நான் சொன்னன் எண்டு சொல்லும்."

"அவவை வரவேண்டாமெண்டு சொல்லியாச்சே! வந்து என்ன செய்யிறது?"

"பிழை விட்டது நான்."

அந்த மனிதர் பேசாமல் இருந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணை, இது ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள் சொன்னது என்ரை காதிலை விழேல்லை எண்டு வைச்சுக்கொள்ளட்டோ?" என்றார். என் மேல் உள்ள இரக்கத்தில் சொன்னார். இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

பொய் சொல்லமாட்டேன், நான் யோசித்தேன். மாப்பிள்ளையின் கையை எதிர்பார்த்து வீட்டில் இருந்த அந்த முதல் இரண்டு ஆண்டுகள் கண்ணுக்கு முன் வந்தன. பிறகு, "விழுந்ததுதானே. ஏத்திக்கொண்டு வாரும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

திங்கள் காலை அந்தப் பெண் வானில் இருந்தார். கண் வீங்கியிருந்தது. ஓட்டுநர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், கொப்பியைக் காட்டினேன். அவர் அந்த இரண்டு இலக்கத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்ப நான் சரியாத்தான் செய்திருக்கிறன், என்ன ஐயா?" என்று மட்டும் கேட்டார். நான்கு நாளாகத் தன் கண்ணையே அவர் சந்தேகித்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்று பாலம் எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

மேற்பார்வையாளரின் அறையில் இன்னொரு சிக்கல். இலக்கத்தைக் காட்டலாம், ஆனால் எண்ணியைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன் என்பதை என்னுடைய ஆங்கிலத்தில் அவருக்கு எப்படி விளங்கவைப்பது? பிரெஞ்சில் எனக்கு பொன்ஜூரும் மெர்சியும்தான். கடைசியில் நான் குற்றம் சாட்டிய அந்தப் பெண்ணே என் குற்றத்தை மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

நான் சொல்லச் சொல்ல அவர் பிரெஞ்சில் சொன்னார். பழக்க தோஷம், எண்ணினேன். நான் ஒன்பது வாக்கியம் சொன்னேன். அவர் ஐந்துதான் சொன்னார்.

"எல்லாத்தையும் சொன்னீரோ பிள்ளை?"

"சொல்லவேண்டியதைச் சொன்னன் ஐயா. நீங்கள் பேசாமல் இருங்கோ."

மேற்பார்வையாளர் கொப்பியை வாங்கிப் புரட்டினார். முன்னுக்குப் போனார், பின்னுக்கு வந்தார். தொண்ணூற்றேழு நாளும் எல்லா மேசையும் அதில் இருப்பதைக் கண்டு என்னை ஒரு விதமாகப் பார்த்தார். நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன், போகச் சொன்னதும் போவதற்கு. அவர் கதிரையில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு மெதுவாகப் பேசத் தொடங்கினார். அந்தப் பெண் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒன்றரை நாள் போன குஞ்சுகளை எங்களிடம் தந்திருக்கவே கூடாதாம். பிரிக்காமல் அனுப்பியிருக்க வேண்டுமாம். பண்ணைக்காரர் கோபிப்பார் என்று பயந்து தந்தது தானாம். அதைத் தன் மேலாளரிடம் சொல்லவும் பயந்து, எங்கள் இருவரில் ஒருவர் என்று முடித்துவிடப் பார்த்தாராம். சனிக்கிழமை முழுக்கத் தனக்கும் சாப்பாடு இறங்கவில்லையாம்.

அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் பயந்திருந்தோம். அதில் ஒருவர்தான் பயந்த நேரத்திலும் தன் வேலையைச் சரியாகச் செய்தவர்.

கடிதம் அங்கேயே, எங்கள் கண் முன்னால் கையெழுத்தானது. அந்தப் பெண் அதை வாங்கினார். வாசித்துப் பார்த்து, நாலாக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டார். நான் கேட்காமலே ஒரு கதிரையில் இருந்துவிட்டேன்.

என்னையும் அனுப்பவில்லை. ஆனால் மேற்பார்வையாளர் ஒட்டுப்பட்டை ஒன்றை எடுத்துவந்து, என்னுடைய மேசையில் இருந்த இரண்டு எண்ணிகளின் முகத்தையும் மூடி ஒட்டினார். என் மேசைக்கு மட்டும். அன்றைய இலக்கத்தை மாலையில் அவரே பிரித்துப் பார்த்து எழுதுவார். வானில் அந்தச் செய்தி பரவ எத்தனை நிமிடம் ஆகும்?

"கணக்கர் அண்ணைக்குக் கண்ணைக் கட்டியாச்சு!" என்றார் ஓட்டுநர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர்தான் அதிகம் சிரித்தார். பாலம் வந்ததும் சிலுவை போட்டுவிட்டு, "எண்ணுங்கோ ஐயா, கம்பத்திலை ஒட்டுப்பட்டை இல்லைத்தானே" என்றார். எண்ணினேன். நூற்றுப் பதினாறு. எல்லாம் எரிந்தன.

முதல் இரண்டு நாள், எண்ணி தெரியாமல் குஞ்சைத் தொட எனக்குக் கை கூசிற்று. இருட்டில் நடப்பதுபோல இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து இறக்கைகள் தெரியத் தொடங்கின. மாலையில் இரண்டு இலக்கமும் ஒன்றுக்கொன்று முப்பது நாற்பது தவறி நிற்பதைப் பலகையில் பார்க்கும்போது எனக்கு வந்த சந்தோஷம் வேறு யாருக்கும் விளங்காது.

அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்தப் பெண்ணின் கணவர் வந்து சேர்ந்தார். சில வாரங்களில் அவரும் அதே வானில் ஏறினார். அன்று பன்னிரண்டு இருக்கையும் நிறைந்தன. அந்தப் பெண் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். தன் மனைவியின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்த கிழவன் இவன்தானா என்று கேட்கப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"வேலைக் கடிதம் எடுத்துத் தந்த ஐயா நீங்கள்தானாமே!"

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மேற்பார்வையாளரிடம் என்னுடைய ஒன்பது வாக்கியத்தில் நாலை விட்டுவிட்டதுபோல, இவரிடமும் விடவேண்டியதை விட்டிருக்கிறார்.

இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன். இன்னும் படி எண்ணுகிறேன், மாத்திரை எண்ணுகிறேன், சன்னலுக்கு வரும் குருவிகளையும் எண்ணுகிறேன். ஆனால் எந்தக் கணக்காவது மிச்சமே இல்லாமல் அச்சொட்டாக வந்துவிட்டால், பேனாவை வைத்துவிட்டு, நான் யாருடைய முகத்தைப் பார்க்காமல் விட்டேன் என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.